பின்னணி இசை: தகவலுக்குத் துணையா, தடையா?

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி 'வொண்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற அறிவியல் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. இயற்பியல் பேராசிரியர் பிரையன் காக்ஸ் உலகின் பல மூலைகளுக்கும் சென்று நின்று, பிரபஞ்சம் பிறந்த கதையை விளக்கினார். முதல் பகுதி முடிந்ததுமே நேயர்களிடமிருந்து புகார்கள் வந்து சேர்ந்தன. பேராசிரியர் சொன்னது புரியவில்லை என்று யாரும் குறைபடவில்லை. அவர் சொன்னது காதில் விழவில்லை என்பதுதான் குறை. பின்னால் எழும்பிய இசை அவர் பேச்சை விழுங்கிவிட்டது. பிபிசி அடுத்த பகுதிகளின் ஒலியை மறுபடியும் கலந்து, இசையின் அளவைக் குறைத்தது. காக்ஸுக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் தொடர் திரையரங்கில் படம் பார்க்கும் அனுபவத்தைத் தர வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்தச் சர்ச்சையின் அடியில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. தகவல் சொல்ல வந்த படத்தில் இசை எதற்கு? வகுப்பறையில் ஆசிரியர் வீணை ஒலிக்கப் பாடம் நடத்துவதில்லை. காலையில் செய்தித்தாள் படிப்பவருக்குப் பக்கத்தில் நின்று யாரும் நாதஸ்வரம் வாசிப்பதில்லை. கதாகாலட்சேபம் உண்டே எனலாம். உண்மைதான். ஆனால் பாகவதர் கதை சொல்லும்போது கதை சொல்வார், பாடும்போது பாடுவார். ஒன்றுக்கு ஒன்று வழிவிடும். பேச்சும் இசையும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுவது திரைப்படம் கொண்டுவந்த பழக்கம். அது எப்படி வந்தது என்று பார்த்தால், கலைத் தேவையைக் காட்டிலும் கருவிகளின் போதாமையே பெரிய காரணமாக இருந்திருக்கிறது.

அலமாரியில் அடுக்கிய உணர்ச்சிகள்

ஊமைப் படக் காலத்தில் இசை படத்தில் இல்லை, கொட்டகையில் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். பெரிய நகரம் என்றால் ஒரு வாத்தியக் குழுவே இருக்கும். கதைப் படமோ, கப்பல் கட்டும் காட்சியோ, அரசர் ஊர்வலமோ, எது ஓடினாலும் வாசித்தாக வேண்டும். வாரத்துக்கு வாரம் படம் மாறும். புதிதாக இசையமைக்க நேரமேது? இந்தத் தேவையிலிருந்து ஒரு வியாபாரமே பிறந்தது. 1909இல் லண்டனில் டி வுல்ஃப் நிறுவனம் ஊமைப் படங்களுக்கான இசைத்தாள்களை விற்கத் தொடங்கியது. 1919இல் பெர்லினில் ஜுசெப்பே பெச்சே 'கினோதெக்' என்ற தொகுப்பை வெளியிட்டார்.

1924இல் எர்னோ ராப்பே அமெரிக்காவில் வெளியிட்ட தொகுப்பு இன்னும் சுவையானது. பக்கத்தின் ஓரத்திலேயே ஒரு பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். ஆகாய விமானம், போர், பறவைகள், துரத்தல், தீயணைப்பு, ஈமச்சடங்கு, தாலாட்டு, சலிப்பு, ரயில் வண்டி, சோகம், கடற்புயல் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண். திரையில் ரயில் வந்ததும் வாசிப்பவர் ரயில் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். இன்று காணொளி தயாரிக்கும் இளைஞர் கணினியில் 'உற்சாகம்', 'மர்மம்', 'சோகம்' என்று தேடி இசைத் துண்டை எடுத்து ஒட்டுகிறாரே, அவர் கையில் இருப்பது இந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைதான்.

1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக் கடலைக் கடக்க விமானத்தில் புறப்பட்டபோது, ஃபாக்ஸ் மூவிடோன் நிறுவனம் அந்தப் புறப்பாட்டைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்தது. நியூயார்க் கொட்டகையில் அமர்ந்திருந்தவர்கள் அந்த விமானத்தின் இரைச்சலையே கேட்டார்கள். இனி இசைக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அன்றைய ஒலிப்பதிவுக் கருவிகள் ஒரு லாரியை நிரப்பக்கூடியவை. அவற்றை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் திருவிழாவுக்கும் இழுத்துச் செல்ல முடியாது. ஆகவே செய்திப் படங்களின் பெரும்பகுதி ஒலியில்லாமல் எடுக்கப்பட்டது. பிறகு ஸ்டூடியோவில் ஒரு வர்ணனைக் குரலையும், அலமாரியிலிருந்து ஓர் இசைத்தட்டையும் சேர்த்தார்கள். ஓசையில்லாமல் ஓடினால் இயந்திரம் பழுதோ என்று கொட்டகையில் இருப்பவர் நினைப்பார். அந்த வெற்றிடத்தை அடைக்க வந்ததுதான் இசை. அடைக்க வந்தது அங்கேயே குடியேறிவிட்டது.

தபால் ரயிலும் தேயிலை மலையும்

இந்தப் பழக்கத்தை எதிர்த்து யோசித்தவர்கள் 1930களில் லண்டனில் இருந்தார்கள். ஜான் கிரியர்சன் தலைமையில் அரசாங்கத் தபால் துறையின் படப்பிரிவில் ஒன்றுசேர்ந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களுடைய 1936ஆம் ஆண்டுப் படமான 'நைட் மெயில்', லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவோடிரவாகக் கடிதம் சுமந்து செல்லும் ரயிலைப் பற்றியது. இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் இந்தப் படத்துக்கு இசையமைத்த பெஞ்சமின் பிரிட்டனுக்கு அப்போது வயது 22. கவிதை எழுதியவர் டபிள்யூ. எச். ஆடன்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் இறுதிப் பகுதியையே பேசுவார்கள். ரயிலின் ஓட்டத்துக்கு ஏற்ப ஆடனின் கவிதை விரைந்து ஓட, சிறு வாத்தியக் குழுவோடு மணற்தாள் உரசும் ஓசையையும் சேர்த்து பிரிட்டன் அமைத்த இசை உடன் ஓடும். பாராட்டத்தக்க பகுதிதான். ஆனால் அதற்கு முன் வரும் ஒரு காட்சிதான் நம் கேள்விக்கு அதிகம் பயன்படும். ஓடும் ரயிலிலிருந்து தபால் பையை வெளியே நீட்ட வேண்டும். பாதையோரத்தில் விரித்திருக்கும் வலை அதைப் பிடித்துக்கொள்ளும். வெளியே கும்மிருட்டு. எந்த நொடியில் நீட்டுவது? அனுபவப்பட்ட ஊழியர் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்: இரண்டு பாலங்கள் தாண்ட வேண்டும், பிறகு தண்டவாளத்தின் தட்டோசையை 45 வரை எண்ண வேண்டும். பார்ப்பவரும் உடன் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிடுகிறார். அந்த இடத்தில் ரயிலின் ஓசையே தகவல். அதன்மேல் வயலினை ஓட்டியிருந்தால் அந்தத் தொழிலின் நுட்பமே காணாமல் போயிருக்கும். படம் எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. இசைக்கென்று ஓர் இடம் வைத்தார்கள், மற்ற இடங்களில் ரயிலைப் பேச விட்டார்கள்.

அதே வட்டத்தைச் சேர்ந்த பாஸில் ரைட் 1934இல் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். இசை வால்டர் லீ. வர்ணனை பேசியவர் கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட். வர்ணனையின் சொற்களோ பெரும்பாலும் ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. படத்தின் மூன்றாம் பகுதியில் ஒரு துணிச்சலான வேலை நடக்கிறது. திரையில் இலங்கையின் உழைப்பு ஓடும்போது, ஒலியில் லண்டன் சந்தை நிலவரமும் கப்பல் அறிவிப்புகளும் வணிகக் கடிதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. காட்சி ஓரிடம், குரல் வேறோரிடம். யாருடைய உழைப்பை யார் விலை பேசுகிறார்கள் என்பதை வர்ணனை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒலிக்கலவையே சொல்லிவிடுகிறது.

ஆனாலும் ஒரு குறை. நாக்ஸ் எழுதிய காலத்தில் இலங்கையில் தேயிலைத் தோட்டமே கிடையாது. தமிழகத்திலிருந்து சென்று மலையேறிக் கொழுந்து பறித்த மக்களுக்கு அந்த வர்ணனையில் இடம் இருந்திருக்கவே முடியாது. மிக அழகாகச் செய்யப்பட்ட ஒலியும் பணம் கொடுத்தவர் வரைந்த கோட்டுக்குள்தான் ஒலித்தது.

அமெரிக்காவிலும் கதை அதுதான். 1936இல் பேர் லோரென்ஸ் எடுத்த 'தி ப்ளோ தட் ப்ரோக் தி ப்ளெயின்ஸ்' என்ற அரசாங்கப் படம், மண் வளம் பாழாகிப் புழுதிப் புயலில் அழிந்த சமவெளியைக் காட்டியது. வர்ஜில் தாம்சன் அந்த மண்ணின் மாடு மேய்ப்போர் பாட்டுகளையும் தேவாலயப் பாடல்களையும் எடுத்து இசையாக்கினார். அவரே 1948இல் 'லூசியானா ஸ்டோரி'க்கு இசையமைத்து, அதற்காக 1949இல் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் படத்தின் செலவை ஏற்றது ஓர் எண்ணெய் நிறுவனம்.

கொடுமைக்கு எந்த ராகம்?

இசையின் பிரசார பலத்தை முற்றிலும் பயன்படுத்திக்கொண்டவர்கள் சர்வாதிகாரிகள். 1935இல் வெளிவந்த ஜெர்மனியின் 'டிரையம்ஃப் ஆஃப் தி வில்' படத்தில் ஹெர்பர்ட் விண்டின் இசையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஆட்கள் நடப்பதும் கை உயர்த்துவதும் உரை கேட்பதும்தான். எதிர்த்தரப்பு மட்டும் சும்மா இருந்ததா? அமெரிக்க ராணுவத்துக்காக ஃபிராங்க் காப்ரா எடுத்த 'வை வி ஃபைட்' வரிசைக்கு ஹாலிவுட்டின் டிமிட்ரி டியோம்கின் முரசு முழங்க இசை கொடுத்தார்.

போர் முடிந்த பிறகு ஒரு கடினமான கேள்வி எழுந்தது. வதை முகாம்களின் காட்சிகளுக்கு என்ன வாசிப்பது? 1955இல் அலென் ரெனே எடுத்த 'நைட் அண்ட் ஃபாக்' என்ற அரைமணி நேரப் படத்துக்கு ஹான்ஸ் ஐஸ்லர் இசையமைத்தார். நாஜிகளால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவர். திரையில் தெரிவதையே இசையும் திரும்பச் சொல்வது வீண் என்பது அவர் கொள்கை. தத்துவ அறிஞர் அடோர்னோவுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. ரெனேயின் படத்தில் அதைச் செய்து காட்டினார். காட்சி கொடூரமாகும்போது இசை மெலிகிறது. ஓங்கி அழ வேண்டிய இடத்தில் அழ மறுக்கிறது. அழும் வேலையை இசை எடுத்துக்கொள்ளாததால் அது பார்ப்பவர் தலையில் விழுகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1985இல், அதே பொருளைப் பற்றி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'ஷோவா'வை எடுத்த கிளாட் லான்ஸ்மன், பின்னணி இசையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். இரண்டில் எது சரி என்று தீர்ப்பளிப்பது எளிதல்ல. இருவரும் இசையை எங்கே நிறுத்துவது என்று யோசித்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவு.

தோட்டப்புறத் திரையில்

மலாயாவுக்குத் தகவல் படம் முறையாக வந்தது 1946இல் கோலாலம்பூரில் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்டபோது. பின்னாளில் ஃபிலெம் நெகாரா மலேசியா என்று அறியப்பட்ட நிறுவனம் இதுதான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத்தின் நடமாடும் படக்காட்சி வாகனங்கள் கம்பங்களுக்கும் புதுக் கிராமங்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் சென்றன. திடலில் திரை கட்டி, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று கூட்டத்துக்கேற்ற மொழியில் படம் காட்டப்பட்டது.

பல மொழியில் ஒரே படம் என்றால் இசைக்குத் தனி வேலை வந்துவிடும். இத்தகைய படங்களில் வர்ணனை ஒரு தடத்திலும், இசையும் ஓசைகளும் வேறொரு தடத்திலும் இருக்கும். மொழி மாறும்போது வர்ணனையை மட்டும் மாற்றினால் போதும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. இசை முதலில் எந்த மொழி வர்ணனைக்கு ஏற்ப வெட்டப்பட்டதோ அந்த மொழியின் மூச்சில்தான் ஏறி இறங்கும். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் முழு வாக்கியத்தையும் கேட்ட பிறகே 'செய்ய வேண்டும்' என்கிறாரா 'செய்யக்கூடாது' என்கிறாரா என்று தெரியும். இசை சரியாக அந்தக் கடைசிச் சொல்லின்மேல் எழும்பினால் என்ன ஆகும்? கொசு மருந்தையோ குடிநீரையோ பற்றிய படத்தில் இது சின்ன விஷயமல்ல.

இந்தியாவில் 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தோன்றியது. திரையரங்குகளில் முக்கியப் படத்துக்கு முன்னால் அதன் குறும்படத்தைக் காட்டுவது கட்டாயமாக இருந்தது. தமிழ் உட்பட்ட பல மொழிகளில் அந்தப் படங்கள் வெளிவந்தன. ரசிகர்கள் அந்த நேரத்தில் கச்சான் வாங்க வெளியே போனார்கள் என்பது வேறு கதை. அங்கே பல ஆண்டுகள் இசைப் பொறுப்பில் இருந்தவர் புல்லாங்குழல் கலைஞர் விஜய ராகவ ராவ். 1967இல் எஸ். சுக்தேவ் அந்நிறுவனத்துக்காக எடுத்த 'இந்தியா 67' படத்தில் வர்ணனையே கிடையாது. நாட்டின் சந்தையும் சாலையும் வயலும் ஆலையும் காட்சியாக ஓட, ராவின் இசையும் இடத்தின் ஓசைகளும் மட்டும் பேசுகின்றன. அரசாங்கக் குரலுக்குப் பழகிப்போன காதுக்கு அந்த மௌனமே ஒரு செய்தியாக இருந்திருக்கும்.

சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் தொலைக்காட்சி தொடங்கியது. திடலில் கட்டிய திரை வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

இசை வேண்டாம் என்றவர்கள்

இதற்குள் கருவி மாறிவிட்டது. தோளில் சுமக்கக்கூடிய 16 மில்லிமீட்டர் கேமராவும், நாக்ரா போன்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் 1950களின் இறுதியில் கிடைத்தன. 1960இல் ராபர்ட் ட்ரூவும் அவருடைய நண்பர்களும் ஜான் கென்னடியின் விஸ்கான்சின் மாநிலப் பிரசாரத்தைப் பின்தொடர்ந்து 'பிரைமரி' படத்தை எடுத்தார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களுக்கு ஒரு நெறி இருந்தது: படத்தில் பாட்டு வந்தால் அது அந்த இடத்தில் பாடப்பட்ட பாட்டாக இருக்க வேண்டும். ஃபிரெடெரிக் வைஸ்மன் 1967 முதல் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று படம் படமாக எடுத்து, வர்ணனையும் சேர்க்கவில்லை, பின்னணி இசையும் சேர்க்கவில்லை.

இசை புகுந்ததற்கு அடிப்படைக் காரணமே உண்மையான ஒலி கிடைக்காததுதான். ஒலி கிடைத்த பின் இசை விலகியிருக்க வேண்டும். தொலைக்காட்சியில் அது நடக்கவில்லை. இயற்கைப் படங்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் எடுக்கும் சிறுத்தையின் காலடியோசை பதிவாவதில்லை. அது பிறகு ஸ்டூடியோவில் உண்டாக்கப்படுகிறது. 1979இல் டேவிட் அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' தொடருக்கு எட்வர்ட் வில்லியம்ஸும், 2001இல் 'தி ப்ளூ பிளானெட்' தொடருக்கு ஜார்ஜ் ஃபென்டனும் இசையமைத்தார்கள். ஃபென்டனின் கடல் இசை பின்னர் பெரிய வாத்தியக் குழுவுடன் மேடைக் கச்சேரியாகவே நடத்தப்பட்டது. கேட்க இனிமை. ஆனால் எந்த மீன் நல்லது, எந்த மீன் கெட்டது என்பதையும் அந்த இசைதான் முடிவு செய்கிறது.

வரலாற்றுப் படங்களில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. 1990இல் அமெரிக்காவின் பிபிஎஸ் ஒளிபரப்பிய கென் பர்ன்ஸின் 'தி சிவில் வார்' தொடரில் ஒரு வயலின் மெட்டு மீண்டும் மீண்டும் வரும். போரில் உயிரிழந்த சல்லிவன் பாலூ மனைவிக்கு எழுதிய கடிதம் படிக்கப்படும்போதும் அதே மெட்டுதான். 1860களின் போர்க்களத்தில் பிறந்த ராகம் என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் அது 'அஷோகன் ஃபேர்வெல்'. ஜே உங்கர் என்ற இசைக்கலைஞர் 1982இல் நியூயார்க் மாநிலத்தில் தாம் நடத்திய கோடைகால இசை முகாம் முடிந்து எல்லோரும் கலைந்த ஏக்கத்தில் அமைத்தது. பர்ன்ஸ் யாரையும் ஏமாற்றவில்லை. இசையமைத்தவர் பெயரை மறைக்கவும் இல்லை. ஆனால் படத்தில் ஒரு பழைய புகைப்படத்தின் ஆண்டைத் தவறாகச் சொன்னால் வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுவார்கள். இசை நூற்றியிருபது ஆண்டு முன்னால் போய் உட்கார்ந்தபோது எல்லோருக்கும் கண் கலங்கியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1988இல் எரல் மோரிஸ் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்' முழுவதும் ஃபிலிப் கிளாஸின் இசை சுழன்றுகொண்டே இருக்கும். டல்லாஸ் நகரில் ஒரு காவலரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் டேல் ஆடம்ஸ் குற்றமற்றவர் என்பதை அந்தப் படம் எடுத்துக் காட்டியது. அவர் 1989இல் விடுதலையானார். இசை இருந்தால் உண்மை இருக்காது என்று சொல்லிவிட முடியாது.

அளந்து பார்த்தவர்கள்

2005இல் யூடியூப் வந்தது. சமையல் குறிப்பு முதல் வருமான வரிப் படிவம் வரை எல்லாம் காணொளியாயின. 2013இல் அந்நிறுவனம் இலவச இசைத் தொகுப்பு ஒன்றையும் திறந்து வைத்தது. காசில்லாமல் கிடைக்கும் இசையை யார் வேண்டாம் என்பார்கள்? ஒலியில்லாத குறையை மறைக்க வந்த இசை, நன்றாக ஒலி பதிவாகும் கைப்பேசிக் காலத்திலும் பழக்கதோஷமாகத் தொடர்கிறது.

இதனால் படிப்பு கெடுகிறதா என்பதை ரொக்சானா மொரேனோ, ரிச்சர்ட் மேயர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் சோதித்து, 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது, வாகனத்தின் பிரேக் எப்படி இயங்குகிறது என்று விளக்கும் அசைவூட்டப் பாடங்களை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பின்னணி இசை சேர்த்த பாடத்தைப் பார்த்தவர்கள், சேர்க்காத பாடத்தைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கற்றதைப் புதிய கேள்விக்குப் பொருத்திச் சொல்வதிலும் பின்தங்கினார்கள்.

காது மந்தமானவர்களின் சிரமம் இன்னும் நேரடியானது. பேச்சையும் இசையையும் பிரித்துக் கேட்பது வயது ஏற ஏறக் கடினமாகிறது. இணையத்தளங்களுக்கான தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் இதற்கு ஓர் எண்ணே கொடுத்தது. பேச்சு முதன்மையாக உள்ள ஒலிப்பதிவில் பின்னணி ஒலி இல்லாதிருக்க வேண்டும், அல்லது கேட்பவர் அதை நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும், அல்லது பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். 20 டெசிபல் என்றால் பேச்சின் உரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஒலிப்பதிவுக்கு எழுதிய விதிதான். காணொளி தயாரிப்பவரும் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

சத்தத்தைக் குறைத்தாலும் தீராத ஒன்றை 2016இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியது. சுறாக்கள் நீந்தும் 60 நொடிக் காட்சி ஒன்றைச் சிலருக்கு அச்சமூட்டும் இசையுடனும், சிலருக்கு உற்சாகமான இசையுடனும், சிலருக்கு ஒலியே இல்லாமலும் காட்டினார்கள். காட்சி ஒன்றுதான், சுறாக்களும் அவையேதான். அச்சமூட்டும் இசையுடன் பார்த்தவர்கள் மற்ற இரு பிரிவினரையும்விடச் சுறாவை மோசமாக மதிப்பிட்டார்கள். இன்னும் சிலருக்குப் படமே இல்லாமல் இசையை மட்டும் போட்டுக் காட்டி, சுறாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எந்த இசையைக் கேட்டிருந்தாலும் அவர்கள் பதிலில் வித்தியாசம் தெரியவில்லை.